வற்றாக் கடலும் வற்றிய மீனும்

முன்னாளில் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் பல இல்லங்களின் அலமாரிகளிலும் ஒரு புட்டி இருந்தது. அதன்மேல் ஒட்டிய தாளில் ஒரு மீனவர், தம் உயரத்தை ஏறத்தாழ ஒத்த பெருமீன் ஒன்றை முதுகிற் சுமந்து நிற்பார். உள்ளே இருந்தது மீன் ஈரல் எண்ணெய் கலந்த மருந்து. மெலிந்த பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதனை ஒரு கரண்டி ஊற்றிய தாய்மார் எத்தனையோ பேர். அந்தப் படத்தில் இருந்த மீனின் பெயர் காட். ஓவியர் சற்று மிகைப்படுத்திவிட்டார் என்றே சிறுவர் எண்ணியிருப்பர். ஆனால் அது மிகையன்று. 1895ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பிடிபட்ட காட் மீன் ஒன்று, 6 அடிக்கு மேல் நீளமும் 211 இராத்தல் எடையும் உடையதாய் இருந்தது. அத்தகைய மீன்கள் கணக்கின்றி வாழ்ந்த கடல் ஒன்று இருந்தது. அது எவ்வாறு வெறுமையுற்றது என்பதும், அவ்வரலாற்றில் மீனை விலைகொடுத்து வாங்கியவர்களின் பங்கு யாது என்பதும் இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கு முனையில், கனடா நாட்டைச் சார்ந்து, நியூபவுண்ட்லாந்து என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் கரைக்கு அப்பால் கடலடியில் பரந்த மேட்டுநிலங்கள் கிடக்கின்றன. வடக்கே லாப்ரடார் கடலினின்று வரும் குளிர்நீரோட்டமும், தெற்கேயிருந்து ஏறிவரும் வெந்நீரோட்டமும் அங்கே அணுகிக் கலக்கின்றன. ஆழம் குறைந்த அந்நீரிற் கதிரவன் ஒளி நன்கு பாய்வதால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணச் சிறுமீன்களும், சிறுமீன்களை உண்ணக் காட் மீன்களும் அங்கே கூடின.

1497ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னரின் ஆதரவு பெற்றுக் கப்பலேறிய ஜான் கேபட் என்னும் இத்தாலியர் அக்கடற்பகுதியைக் கண்டு மீண்டார். அங்கே வலை வீசவும் வேண்டுவதில்லை, கல்லைக் கட்டிக் கூடையை இறக்கினாற் போதும், மீன் நிறைந்து வரும் என்று அவர் குழுவினர் சொன்ன செய்தி, இலண்டனிலிருந்த இத்தாலியத் தூதர் ஒருவரின் கடிதத்தில் இடம்பெற்றது. அதன்பின் போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க்கு மக்களும் ஆங்கிலேயரும் ஆண்டுதோறும் அங்கே சென்றனர். காட் மீனில் கொழுப்பு மிகக் குறைவு. ஆதலால் உப்பிட்டு உலர்த்தினால் நெடுங்காலம் கெடாது. கத்தோலிக்க நாடுகளில் புலால் விலக்கிய நாள்களில் அதுவே உணவாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த ஆப்பிரிக்கர்களுக்கு அக்கருவாட்டில் கழித்தொதுக்கிய தரம் உணவாய் அளிக்கப்பட்டது. பாஸ்டன் நகரத்தார் 1784இல் தங்கள் சட்டமன்றத்தில் மரத்தாற் செய்த காட் மீன் ஒன்றைத் தொங்கவிட்டனர். தங்கள் செல்வத்திற்கு மூலம் எது என்பதை மறவாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அம்மர மீன் இன்றும் அங்கே தொங்குகின்றது.

ஒரு பெரிய பெண் காட் மீன் ஒரு பருவத்திற் பல இலட்சம் முட்டைகளை இடும். இக்கணக்கை அறிந்தோர் இந்த மீனுக்கு அழிவே இல்லை என்று துணிந்தனர். 1883ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அனைத்துலக மீன்வளக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே தொடக்கவுரை ஆற்றியவர் தாமஸ் ஹக்ஸ்லி என்னும் பெரும் விலங்கியல் அறிஞர். காட், ஹெர்ரிங் முதலிய பெருமீன்பிடிப்புகளை அன்றைய முறைகளால் மனிதன் வற்றச் செய்ய முடியாது என்பது அவர் முடிவு. அவர் அறியாமையாற் பேசினார் எனல் தகாது. தூண்டிலும் பாய்மரமும் ஆட்சி செய்த காலத்தை மனத்திற்கொண்டு அவர் பேசினார். ஆயினும், 'அன்றைய முறைகளால்' என்ற அந்த நிபந்தனையைப் பின்வந்தோர் மறந்தனர். 'வற்றாது' என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டனர்.

முறைகள் மாறின. அம்மாற்றத்தின் தொடக்கமும் அதே கரையில் நிகழ்ந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1912ஆம் ஆண்டையொட்டி லாப்ரடார் பகுதிக்கு மென்மயிர்த் தோல் வாணிகஞ் செய்யச் சென்ற அமெரிக்க இளைஞர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ் ஐ, அங்கு வாழும் இனுயிட் மக்கள் கடுங்குளிரிற் பிடித்த மீன் நொடியில் உறைவதையும், பல வாரங்கள் கழித்துச் சமைத்தாலும் அதன் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். மெல்ல உறைந்தால் தசையில் பெரிய பனித்துகள்கள் தோன்றி அதனைச் சிதைக்கும். விரைந்து உறைந்தால் சிதைவு இல்லை. இந்த உண்மையைக் கொண்டு அவர் 1920களில் விரைவு உறைபதன முறையை நிறுவினார். உப்பும் வெயிலும் இன்றி மீனைத் தொலைநாட்டுச் சமையலறைக்கு அனுப்பும் வழி அதனால் திறந்தது.

1954ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து 'பேர்ட்ரை' என்னும் கப்பல் நியூபவுண்ட்லாந்துக் கடலுக்குப் புறப்பட்டது. திமிங்கில வேட்டைக் கப்பல்களிற் போலவே, பின்புறச் சரிவு வழியாகப் பெருவலையைக் கப்பலுக்குள் இழுத்து ஏற்றிக்கொள்ளும் அமைப்பு அதில் இருந்தது. மீனை அறுக்கும் இயந்திரமும் உறைய வைக்கும் அறையும் கப்பலுக்குள்ளேயே இருந்தன. அது கப்பல் வடிவில் மிதந்த ஓர் ஆலை எனலாம். விரைவில் சோவியத் ஒன்றியமும் ஜெர்மனியும் ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் அத்தகைய கப்பல்களை அனுப்பின. பனிக்காலத்தில் காட் மீன்கள் முட்டையிடக் கூட்டங்கூடும் ஆழ்கடலிலேயே அவை இரவு பகலாக வலையிழுத்தன. நூற்றாண்டுக் கணக்கில் 3 இலட்சம் டன்னுக்கு மேற்படாதிருந்த வடகடற் காட் பிடிப்பு, 1968இல் 8 இலட்சம் டன்னைத் தாண்டியது. அதுவே உச்சம். அதன்பின் சில ஆண்டுகளிலேயே பிடிப்பு பெரிதும் சரிந்தது.

கடலில் இது நடந்துகொண்டிருக்கையிற் கடையில் நடந்தது என்ன? 1955ஆம் ஆண்டில் பிரிட்டனில் பேர்ட்ஸ் ஐ நிறுவனம் மீன் விரல்கள் என்னும் புதிய பண்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள்ளில்லாத மீன்துண்டின்மேல் ரொட்டித் தூள் பூசிய உணவு அது. அதற்குமுன் நிறுவனத்தார் ஒரு சோதனை செய்தனர். பிரிட்டனைச் சுற்றி அந்நாளில் மலிவாய்க் கிடைத்த ஹெர்ரிங் மீனிற் செய்த துண்டுகளையும், ஒப்பீட்டுக்காகக் காட் மீனிற் செய்த துண்டுகளையும் மக்களுக்கு அளித்துப் பார்த்தனர். மக்கள் ஹெர்ரிங்கைத் தள்ளிக் காட்டையே விரும்பினர். அவ்விருப்பத்தில் தீய எண்ணம் ஏதும் இல்லை. வெண்மையான, மணம் குறைந்த, குழந்தைகள் முகஞ்சுளியாது உண்ணும் மீனை ஒரு தாய் தேர்ந்தெடுத்தாள், அவ்வளவே. ஆனால் இலட்சக்கணக்கான தாய்மார் அதையே தேர்ந்தபோது, எந்தக் கடலில் எந்த வலை விழ வேண்டும் என்பதையும் அவர்கள் அறியாமலேயே தேர்ந்துவிட்டனர்.

1977இல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தனக்கே உரிமை என்று அறிவித்து அயல்நாட்டுக் கப்பல்களைப் பெரும்பாலும் விலக்கியது. இனி வளம் திரும்பும் என்று எல்லோரும் நம்பினர். ஆனால் விலகிய கப்பல்களின் இடத்தைக் கனடாவின் சொந்தக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. 1980களில் கரையோரத்துச் சிறுபடகு மீனவர்கள் ஒரு முறையீட்டை எழுப்பினர். கோடையில் கரையை நாடி வரும் மீன் குறைகின்றது, வருகின்ற மீனும் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வருகின்றது என்பது அவர்கள் சொன்னது. அரசின் ஆராய்ச்சிக் கணக்கோ வேறு வகையாய் இருந்தது. பெருங்கப்பல்கள் ஒருமுறை வலையிழுத்தால் எவ்வளவு மீன் வருகின்றது என்பதைப் பெரிதும் சார்ந்து அக்கணக்கு எழுதப்பட்டது; அந்த அளவு குறையவில்லை.

ஏன் குறையவில்லை? இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை உள்ளது. எண்ணிக்கை குறையும்போது காட் மீன்கள் பரந்து சிதறி வாழ்வதில்லை. எஞ்சியவை ஓரிடத்தில் நெருங்கிக் கூடுகின்றன. ஒலியலைக் கருவிகள் கொண்ட கப்பல்கள் அக்கூட்டத்தைத் தேடிக் கண்டு அதன்மேலேயே வலையை இறக்கின. கடைசிக் கூட்டம் வரைக்கும் வலை நிறைந்தே வந்தது. வலை நிறைந்தபடியால் குளிரறையும் நிறைந்தது. குளிரறை நிறைந்தபடியாற் கடையும் நிறைந்தது. ஆகவே கடையின் நிறைவு கடலின் நிறைவுக்குச் சான்றன்று. தட்டுப்பாடு நேரும்போது தெரிந்துகொள்ளலாம் என்று வாங்குபவர் வாளாவிருந்தால், அவருக்குத் தெரியவரும் நாளிற் செய்வதற்கு ஒன்றும் இராது.

1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கனடாவின் மீன்வளத்துறை அமைச்சரும் நியூபவுண்ட்லாந்தின் மைந்தருமான ஜான் கிராஸ்பி, வடகடற் காட் பிடிப்புக்குத் தடை விதிப்பதாக அறிவித்தார். ஒரே நாளில் ஏறத்தாழ 30,000 பேர் தொழிலை இழந்தனர். இரண்டே ஆண்டுத் தடை என்றுதான் முதலிற் சொல்லப்பட்டது. அது 32 ஆண்டுகள் நீடித்தது. தலைமுறை தலைமுறையாகப் படகும் வலையும் அன்றி வேறொன்றும் அறியாத ஊர்கள் காலியாயின. இளைஞர் வேற்று மாநிலங்களுக்குப் போயினர். 2024இல் தடை நீக்கப்பட்டபோது அவ்வாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தப் பிடிப்பு 18,000 டன். 1968இல் பிடித்த எட்டு இலட்சத்தின் அருகில் இதனை வைத்துப் பார்த்தால், இழந்தது எவ்வளவு என்பது விளங்கும். தூண்டிலாற் பிழைத்த ஏழை மீனவரே இதனை முதலில் உணர்ந்தார். அவரே மிகுதியாய் இழந்தார். தொலைநாட்டில் அம்மீனை உண்டவர் வேறு மீனுக்கு மாறிக்கொண்டார்.

இத்துன்பத்தினின்று ஒரு நன்மையும் பிறந்தது. பிடிப்பவரையும் ஆள்பவரையும் மட்டும் பழித்துப் பயனில்லை, வாங்குபவரும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1997இல் உலக வனவிலங்கு நிதியமும் யூனிலீவர் நிறுவனமும் சேர்ந்து கடல்வளப் பொறுப்பு மன்றம் ஒன்றைத் தோற்றுவித்தன. மீன் விரல்களை விற்ற பேர்ட்ஸ் ஐ அந்நாளில் அதே யூனிலீவரின் கையில்தான் இருந்தது. தான் விற்கும் மீன் தீர்ந்துபோனால் வாணிகமும் தீரும் என்பதை வணிகரும் உணர்ந்தனர் போலும். வளங்குன்றாது பிடிக்கப்பட்ட மீனுக்கு இம்மன்றம் ஆய்வின்பின் ஒரு முத்திரை வழங்குகின்றது. 2014இல் நம் அண்டைய கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் எடுக்கப்படும் மட்டி அம்முத்திரையைப் பெற்றது. இந்தியாவில் அதுவே முதலாவது. சிறு மட்டியை எடாமை, இனப்பெருக்கக் காலத்தில் தொழிலை நிறுத்துதல் முதலிய விதிகளை அங்குள்ள தொழிலாளர் ஏற்றிருந்தமையே அதற்குக் காரணம்.

வாங்குபவரின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று, வாள்மீன். 1990களில் வட அட்லாண்டிக்கில் அம்மீன் முட்டையிடும் பருவத்தை எட்டுமுன்னரே பெருமளவிற் பிடிபட்டது. 1998இல் அமெரிக்காவின் உணவகத் தலைமைச் சமையற்காரர் பலர், வாள்மீனுக்குச் சற்று ஓய்வு தருவோம் என்று கூறித் தங்கள் உணவுப் பட்டியலிலிருந்து அதனை நீக்கினர். நூற்றுக்கணக்கானோர் அவர்களைப் பின்பற்றினர். அடுத்த ஆண்டில் அனைத்துலக ஆணையம் பிடிப்பளவைக் குறைத்தது. 2000இல் அமெரிக்க அரசு குஞ்சுகள் வளரும் கடற்பகுதிகளை நீள்தூண்டிற் படகுகளுக்கு மூடியது. பத்தாண்டு முடிவதற்குள் அம்மீன்வளம் மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது. சமையற்காரர் மறுத்ததால் மட்டும் இது நிகழ்ந்ததென்று சொல்ல முடியாது. சட்டமும் துணை நின்றது. ஆனால் சட்டத்திற்கு முன்னே நடந்தது அம்மறுப்பு.

வாங்குபவரை மயக்கும் வழிகளையும் அறிதல் வேண்டும். அவற்றுள் தலையாயது பெயர் மாற்றம். தென்துருவக் கடலை ஒட்டி ஆழத்தில் வாழும் பல்மீன் ஒன்றை வாங்குவாரில்லை. 1977இல் ஓர் அமெரிக்க வணிகர் அதற்குச் சிலிநாட்டுக் கடற்பாஸ் என்று பெயரிட்டார். அம்மீன் பாஸ் இனத்தைச் சேர்ந்ததே அன்று. ஆயினும் புதுப்பெயர் அதனைச் செல்வர் விருந்தில் அமர்த்தியது. களவாய்ப் பிடிப்போரும் பெருகினர். வழுவழுத்த தலையுடையது என்று பொருள்படும் பழம்பெயர் கொண்ட மற்றோர் ஆழ்கடல் மீன், ஆரஞ்சு ரஃபி என்னும் அழகிய பெயரைப் பெற்றுச் சந்தைக்கு வந்தது. அது நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. முட்டையிடும் பருவம் எய்தவே இருபது முப்பது ஆண்டுகள் செல்லும். அதனை உண்பவர் தம் பாட்டனாரினும் மூத்த உயிரொன்றை ஒருவேளை உணவாக்குகின்றார் எனலாம். விரைந்து வளர்ந்து விரைந்து பெருகும் மீன், பிடிப்பைத் தாங்கும். மெல்ல வளர்ந்து சிலவே ஈனும் மீன் தாங்காது. மீன் வாங்கும் எவரும் அறிய வேண்டிய முதல் விதி இதுவே.

இவ்விதி நம் கரைக்கும் பொருந்தும். நெத்திலி, சாளை, கானாங்கெளுத்தி ஆகியவை விரைந்து பெருகுபவை. சுறாக்களுட் பலவும் திருக்கைகளும் அவ்வாறல்ல. பல ஆண்டு வளர்ந்து, சில குட்டிகளையே ஈனுகின்றன. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு அளிக்கும் வழக்கத்தை நாம் ஒருநாளில் விட முடியாது எனினும், அதனை மருந்தென எண்ணி அளவோடு கொள்ளலாம். ஆசைக்கு உண்பதைக் குறைக்கலாம். பெருந்திமிங்கிலச் சுறாவும், வேளா எனப்படும் இரம்ப மூக்கு மீனும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

விரைந்து பெருகும் மீனாயினும் நாம் நினைத்தபடி அள்ளலாம் என்பதன்று. கேரளக் கரையில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் நெய்ச்சாளை கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன். கடலின் வெப்பமும் நீரோட்டமும் மாறியதை ஒரு காரணமாகவும், பருவம் எய்தாத குஞ்சுகளை அள்ளியதை மற்றொரு காரணமாகவும் ஆய்வாளர் காட்டினர். கடலின் போக்கு நம் கையில் இல்லை. குஞ்சைப் பிடிப்பதும் வாங்குவதும் நம் கையில் உள்ளன. கேரள அரசு 2015இற் பல மீன்களுக்குக் குறைந்த அளவை வகுத்தது. சாளை 10 சென்டிமீட்டருக்குக் குறைவாய் இருத்தலாகாது. தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாளாகவும், 2017 முதல் 61 நாளாகவும் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகின்றது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்நாள்களில் மீன் விலை ஏறுகின்றதே என்று நாம் முணுமுணுக்கின்றோம். அவ்விலையேற்றம் அடுத்த ஆண்டின் மீனுக்கு நாம் இடும் வித்து என்று கொள்ளுதல் தகும்.

அங்ஙனமாயின் சந்தைக்குச் செல்பவர் செய்யத்தக்கது யாது? மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த மீனின் பெயர் என்ன? இது வளர்ந்த மீனா, குஞ்சா? எந்தப் படகில், எந்த வலையில் வந்தது? தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர் கரையோரம் பிடித்து வரும் மீனைத் தயங்காது வாங்கலாம். கையகலமே உள்ள வஞ்சிரக் குஞ்சு மலிவாய்க் கிடைப்பினும் வேண்டாவென்று ஒதுக்கலாம். எந்நாளும் ஒரே மீனைக் கேளாது, அன்றன்று கடல் தரும் பலவகை மீனையும் ஏற்கப் பழகலாம். கூடையின் முன் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு இவையெல்லாம் தெரியும். முன்பு எவ்வளவு பெரிய மீன் வந்தது, இப்போது எவ்வளவு சிறிது வருகின்றது என்று அவர் சொல்லக் கேட்டால், அதுவே ஒரு வரலாற்றுப் பாடம். நியூபவுண்ட்லாந்தில் அத்தகையோர் சொல்லைக் கேளாததன் விளைவை முன்னரே கண்டோம்.

அன்பர்களே, புட்டியின்மேல் இருந்த மீனவரை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் முதுகிலிருந்த மீனின் அளவை நம் பிள்ளைகள் நம்ப மறுக்கலாம். நாளை நம் பேரப்பிள்ளைகளிடம், ஒரு காலத்தில் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் முழங்கை நீள வஞ்சிரம் கிடைத்ததென்று சொல்ல, அவர்களும் நம்ப மறுக்கும் நிலை வரலாகாது. அந்நிலை வாராமற் காப்பதற்கு நாம் கடலுக்குப் போக வேண்டுவதில்லை. கடைக்குப் போகும்போது கண்ணைத் திறந்துகொண்டு போனாற் போதும்.